அது பெனல்ட்டிதான், அண்ணா

அன்புள்ள டொமினிக் அண்ணா,

நெஞ்சு நோகிறது என்று சொன்ன அன்றே நீ போய்ச் சேர்ந்து, வருகிற சனிக்கிழமையோடு ஒரு வருஷம். சனி காலையில் உனக்குப் பூசை, ஞாயிற்றுக்கிழமை உன் பெயரில் உதைபந்தாட்டப் போட்டி, ஒரு வெற்றிக் கிண்ணம். ஓம், உனக்குத்தான் கிண்ணம்! உன் செத்தவீட்டுக்கு ஒரு வெள்ளைக்கொடி கட்ட வராத எங்கள் கிளப், இப்போது கொட்டாஞ்சேனை முழுக்க உன் படத்தை ஒட்டி வைத்திருக்கிறது.

எந்தப் படம் தெரியுமா? மாலைதீவில் எடுத்தது. தலை நிறைய மயிர், வயிறு என்று ஒன்று இல்லை. அதைப் பார்த்தால் உனக்கே உன்னை அடையாளம் தெரியாது.

ஒரு சின்னப் புத்தகமும் அடித்திருக்கிறார்கள். கிளப்பில் ஆறு வருஷம், மாலைதீவில் ஒப்பந்தத்தில் மூன்று சீசன், முழங்கால் போனது. "அத்துடன் அவரது பயணம் முடிவுற்றது" என்று கடைசி வரி. அண்ணி வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இவர் ஒம்பது வருஷம்தான் உயிரோட இருந்தவரோ?" என்று கேட்டார். புத்தகம் கொண்டுவந்த செயலாளர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

முழங்காலோடு நீ முடிந்துபோகவில்லையே. ஒருகொடவத்தையில் கொண்டெய்னர் யார்ட் கேற்றில் வெயிலில் நின்று லொறி நம்பர் எழுதினாய். "மாலைதீவில ஆடினவன், பாவம், இப்ப லொறி எண்ணுறான்" என்று சனம் கதைத்தது. அந்தப் பாவம் என்ற சொல்லைக் கேட்டால் உனக்குப் பத்திக்கொண்டு வரும். ஆட்டத்துக்கு விசில் ஊதுகிற ரெபரியாக வர, முழங்காலில் பட்டியைக் கட்டிக்கொண்டு சோதனைக்கு ஓடினாய். இரண்டாம் தடவை பாஸ். கறுப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நீ நின்ற நிற்பு! மாலைதீவு ஜெர்சியில்கூட நீ அப்படி நின்றதில்லை.

விளையாடின காலத்தில் நீ ஒரு கள்ளன். செத்துவிட்டாய் என்பதற்காக அதை மறைக்க மாட்டேன். கோலுக்குக் கிட்டப் போனால் காற்றுப் பட்டாலே விழுவாய், விழுந்து உருண்டு அம்மாவைக் கூப்பிடுவாய். அதே நீ விசிலை எடுத்த பிறகு, ஒருவனும் உன் முன்னால் விழுந்து ஏமாற்ற முடியவில்லை. கேட்டால், "பாம்பின் கால் பாம்பறியும்டா" என்பாய்.

அந்த இறுதிப்போட்டிக்கு வருகிறேன். எங்கள் கிளப்புக்கும் வெள்ளவத்தைப் பொடியளுக்கும் ஆட்டம். வரவேண்டிய ரெபரி வரவில்லை. வெள்ளவத்தைக் கப்டன்தான் முதலில் சொன்னான்: "டொமினிக் அண்ணை ஊதட்டும். அவர் ஒரு பக்கமும் சாய மாட்டார்." உன் சொந்தத் தம்பி நான் எங்கள் கிளப்பின் பின்வரிசையில் நிற்கிறேன் என்று தெரிந்துதான் சொன்னான். எங்கள் ஆட்கள் உடனே சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். அந்தச் சந்தோஷத்தின் காரணம் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

ஒன்றுக்கு ஒன்று. முடிய இன்னும் சில நிமிஷம். அவர்களுடைய ஆள் என்னைத் தாண்டிப் போனான். நான் காலை நீட்டினேன், அவன் விழுந்தான், நீ ஊதினாய். நான் ஓடிவந்து உன் முகத்துக்கு நேரே அம்மா மேல் சத்தியம் பண்ணிக் கத்தினேன்.

"பந்தைத்தான் தொட்டனான்! அம்மாவாணை பந்தைத்தான் தொட்டனான்!"

நீ மஞ்சள் அட்டையை எடுத்து நீட்டினாய். பெனல்ட்டி கோலானது. தோற்றோம்.

அன்று பின்னேரமே உன் வீட்டு ஜன்னலுக்குக் கல். அண்ணி கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தார், நான் வாசலில் நின்றேன். கல்லை நான் எறியவில்லை. ஆனால் எறிந்தவனுக்கு எறியக் காரணம் கொடுத்தது நான். நீ வந்து, "சாப்பிட்டனியோ?" என்று கேட்டாய். பிறகு, "உன்ர காலுக்குத் தெரியும்டா" என்றாய். அவ்வளவுதான். கிளப் ஆட்கள் உன்னோடு கதைப்பதை நிறுத்திய பிறகும், சாகும்வரை நீ அந்தக் கதையை எடுக்கவில்லை. நானோ ஒவ்வொரு நத்தார் பண்டிகைக்கும் உன் வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, கிளப்புக்குப் போய் அதே பொய்யைச் சொன்னேன். நீ ஏன் எனக்கு ஒரு அறை தரவில்லை?

போன கிழமை கிளப்பில் கூட்டம். கிண்ணத்தை உன் தம்பி நான்தான் கொடுக்க வேண்டுமாம். எழும்பினேன்.

"அண்ணன் ரெபரியா இருந்ததையும் புத்தகத்தில போடுங்கோ. அந்த ஃபைனலையும் போடுங்கோ."

தலைவருக்கு முகம் கறுத்துவிட்டது. "பழசைக் கிளறாதையும் ஜூட். அந்த ஒரு விசிலாலதானே அவருக்குக் கெட்ட பேர். நாங்கள் அதை மன்னிச்சிட்டம்."

கேட்டாயா அண்ணா? உன்னை மன்னித்துவிட்டார்களாம்! நான் திருப்பிக் கேட்டேன்.

"ஆரை மன்னிக்கிறியள்? நான் பந்தைத் தொடேல்ல. அவன்ர காலைத்தான் அடிச்சனான். இவ்வளவு காலமும் நான் சொன்னது பச்சைப் பொய்."

மூலையில் இருந்த நஸீர் நானா, அன்று எங்களுக்குக் கோல் காத்தவர், தலையைக் குனிந்தபடி சொன்னார்: "எனக்குத் தெரியும் தானே. பின்னுக்கு நின்டது நான் தானே."

அவருக்கும் தெரிந்திருக்கிறது! அப்படியென்றால் இன்னும் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்துகொண்டேதான் உன்னோடு கதைக்காமல் இருந்தார்களா?

தலைவர் அசையவில்லை. புத்தகம் அடித்தாயிற்றாம், மேடையில் வந்து குழப்பக் கூடாதாம். நான் வெளியே வந்து நேரே அண்ணியிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அலுமாரியைத் திறந்து உன் விசிலை எடுத்து என் கையில் வைத்தார். கயிற்றில் இன்னும் உன் வியர்வை மணக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நான் போவேன். முதல் ஆட்டம் தொடங்க முன்னம் அறிவிப்பாளரிடம் மைக்கைக் கேட்பேன். தராவிட்டால் மைதானத்துக்கு நடுவில் நின்று உன் விசிலை ஊதுவேன், சனம் திரும்பிப் பார்க்கும். தமிழில் ஒருதரம், சிங்களத்தில் ஒருதரம் சொல்வேன்: அது பெனல்ட்டிதான், என் அண்ணன் ஊதியது சரி. கிளப்பில் இருந்து என்னை வெட்டட்டும். என் ஜன்னலுக்கும் கல் வரட்டும், கூட்ட என் வீட்டிலும் விளக்குமாறு இருக்கிறது. இது சத்தியம். இந்தத் தடவை அம்மாவை இழுக்கவில்லை.

உன் தம்பி,
அன்று பந்தைத் தொடாத
ஜூட்