இனி எந்த டொக்டர்

டோர்செட் பார்க், கனடா

அன்புள்ள தங்கச்சி,

உன் இருமல் குறைந்ததா? கனடாவில் டொக்டருக்குக் காசு இல்லை, அக்கா கொடுத்து வைத்தவள் என்று போனில் சொன்னாய். ஓம், காசு இல்லைத்தான். ஆனால் ஒரு டொக்டரிடம் பெயர் பதிந்தால் அவரிடம் மட்டுமே போகவேண்டும். நாங்கள் வெளியே வேறு டொக்டரிடம் காட்டினால் அரசாங்கம் அவருக்குக் கொடுக்கிற காசில் வெட்டுமாம். இது எனக்கு முதலில் தெரியாது.

மார்பில் ஒரு கட்டி. என் டொக்டர் ஆம்பிளை, அவரிடம் அதை எப்படிக் காட்டுவது? பஸ் தரிப்புக்குப் பக்கத்துக் கிளினிக்கில் ஒரு தமிழ்ப் பெண் டொக்டர் இருக்கிறா. அவவிடம் போய்வந்தேன். படம் எடுப்பித்தா. பார்த்துவிட்டு, "அம்மா, நான் இஞ்சை எப்பவாவது வாறவள். இதைத் தொடர்ந்து பாக்கவேணும். உங்கடை டொக்டரிட்டைக் கெதியாப் போங்கோ. மகளையும் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றா.

போனேன். அங்கே வேலை செய்கிற பிள்ளை கம்ப்யூட்டரைப் பார்த்து, "அன்ரி, உங்கடை பேரை எங்கடை லிஸ்டிலையிருந்து எடுத்தாச்சு. வெளியிலை காட்டினனீங்கள்தானே" என்றது.

"அப்ப நான் ஆரிட்டைப் போறது?"

"வேற டொக்டருக்குப் பதிஞ்சு வையுங்கோ. வருசக்கணக்கிலை எடுக்கும்."

கெஞ்சாமல் எழும்பி வந்துவிட்டேன். மகள் செரீனாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலையை விட்டுவிட்டு அந்த வாசலில் போய் நிற்பாள். என் மகள் எனக்காக ஒருவரிடமும் இரந்து நிற்கக்கூடாது.

மடு மாதா கோயில் திருவிழாவுக்கு வருவேன் என்று எனக்குச் சீலை எடுத்து வைத்திருக்கிறாயாம். அதை நீயே உடுத்திக்கொண்டு போ.

உன் அக்கா