பாலிசியில் இல்லாத தையல் அறை

என் வாலுக்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே குளிருக்கு ஒழுங்காகப் போர்த்திக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதினால் அதில் பாதிதான் உண்மை. உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடுவது நடக்கிறது, பார்வை முன்னைக்கு இப்போது தேவலை. எனக்குத்தான் அலுப்பு, படுத்து எழுந்தாலும் போகாத அலுப்பு. நேற்று நீ போனில், "அத்தை என்னென்னமோ சொல்றாங்கம்மா, நம்ம வீட்டுக்கு என்ன ஆச்சு" என்று கேட்டதும் ஏதோ மழுப்பினேன். அதே மூச்சில் நீ, "புது வீடு வாங்கற வேலையெல்லாம் முடிஞ்சாச்சு, இன்சூரன்ஸ் மட்டும்தான் பாக்கி, அது சும்மா சம்பிரதாயம்தானே, எது கம்மியோ அதைப் போட்டுக்கறோம்" என்றாய் பார், அப்போதுதான் இனி மறைக்கக் கூடாது என்று பட்டது. போனில் சொன்னால் நடுவில் நீ அழுவாய், நடுவில் எனக்குக் கோபம் வரும், சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும். அதனால் எழுதுகிறேன். மாப்பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

அப்பாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போயிருந்த நாள் அது. ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு ஒடிந்து, திரும்பி வந்து கதவைத் திறந்தால் மாடியின் மரப்படியெல்லாம் ஊறித் தண்ணீர் இறங்கி வருகிறது. மாடிக் குளியலறையில் ஹீட்டருக்குத் தண்ணீர் போகிற வளைகுழாய் வெடித்து, நாங்கள் இல்லாத நேரமெல்லாம் கொட்டியிருக்கிறது. அதற்கு நேர் கீழேதான் என் தையல் அறை, உனக்குத் தெரியும். சீலிங் பலகைகள் ஊறிக் கனத்து, மொத்தமாக இறங்கி மெஷின்களின் மேல் விழுந்து கிடந்தன. ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் கவிழ்ந்து அதன் கை ஒடிந்திருந்தது. வெட்டி, அளவுச் சீட்டு குத்தி, கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருந்த பள்ளிக்கூடச் சீருடைத் துணி முழுக்கத் தண்ணீரில் மிதந்தது. பாவாடைத் துணியின் நீலம் சட்டைத் துணியின் வெள்ளையில் ஏறி, எல்லாமே ஒரு அழுக்கு வானம் மாதிரி ஆகியிருந்தது. அப்பா கண்ணில் கட்டோடு, "என்ன சத்தம், என்ன சத்தம்" என்று வாசலிலேயே செருப்போடு நின்றார். நான் முதலில் மெயின் ஸ்விட்சை அணைத்தேன், மாடிக்கு ஓடி வால்வை மூடினேன், அதற்கப்புறம்தான் அழுதேன்.

அன்றே பிளம்பர் வந்து வெடித்த குழாயைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டுப் புதிதாக மாட்டினார். தம்பி வீட்டுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று மறுநாள் உன் அத்தை பெட்டியோடு வந்து இறங்கினாள். வந்தவள் சும்மா இருப்பாளா? "ஐயய்யோ, இப்படியா குப்பையில குடும்பம் நடத்துறது" என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, நான் இன்சூரன்ஸ் ஆபீசுக்குச் சொல்லப் போயிருந்த நேரத்தில், ஊறின பலகை, துணி, மூலையில் கிடந்த குழாய் எல்லாவற்றையும் வாரிக் குப்பை வண்டிக்காரரிடம் கொடுத்து, தரையைப் பளபளவென்று கழுவி வைத்துவிட்டாள். நான் திரும்பி வந்ததும், எப்படி என் கைவரிசை என்று கேட்கிற மாதிரி நிற்கிறாள். திட்டவும் முடியவில்லை, மெச்சவும் முடியவில்லை. கம்பெனியிலிருந்து ஆள் வந்து பார்க்கும்வரை உடைந்ததில் ஒரு துண்டைக்கூட எறியக் கூடாதாம், எறிந்தே ஆக வேண்டுமென்றால் படமாவது எடுத்து வைத்திருக்க வேண்டுமாம். ஆபீசில் அதைச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பியிருந்தார்கள். நான் அந்தச் சேதியோடு வீட்டுக்கு வந்தபோது குப்பை வண்டி தெருமுனை தாண்டிவிட்டது.

எதிர்வீட்டில் பாங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் இருக்கிறாரே, அவர் வந்து அப்பாவிடம், "சர்வேயர் வந்தா நீங்க வாயத் திறக்காதீங்க சார். முந்தின நாள் வரைக்கும் வீட்டுல ஒரு சொட்டு ஈரம் இல்லன்னு மட்டும் சொல்லுங்க, மீதியை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிக் கொடுத்தார். அப்பா தலையாட்டினார். எனக்கு அப்போதே நம்பிக்கை இல்லை. பஸ் டிப்போவில் காலமெல்லாம் நேரக் காப்பாளராக இருந்த மனுஷன், தாமதமாக வந்த வண்டிக்குச் சரியான நேரம் எழுதச் சொல்லி டிரைவர்கள் காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் மாற்றி எழுதாதவர். நஷ்டத்தை மதிப்பிடக் கம்பெனியிலிருந்து சர்வேயராக வந்தது உன் வயசுப் பெண். மரியாதையாகப் பேசினாள், செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தாள். சீலிங்கைப் பார்த்தாள், மாடியைப் பார்த்தாள், வெடித்த குழாய் எங்கே என்று கேட்டாள். அத்தை என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். அப்புறம் தையல் அறை ஜன்னலுக்குக் கீழே பழுப்பாக ஒரு கறை இருக்குமே, அதில் விரலை வைத்து, "இது எவ்வளவு நாளா இருக்கு சார்" என்றாள். நான் அப்பாவைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்க்கவில்லை. "அது பல வருஷமாவே இருக்கும்மா" என்றார். அவள் எழுதிக்கொண்டாள்.

கம்பெனியிலிருந்து பதில் வந்தது. நீண்ட நாள் கசிவு, வீட்டுக்காரர்கள் பராமரிக்கவில்லை, ஆகவே சீலிங்குக்கும் மாடிப்படிக்கும் ஒன்றும் கிடையாது என்று. திடீரென்று உடைந்தால்தான் தருவார்களாம், சொட்டுச் சொட்டாகக் கெட்டது நம் பாடாம். மெஷின்களுக்கும் துணிக்கும் கிடையாது, அவை வீட்டுச் சாமான் இல்லை, தொழில் சாமான் என்று. கூடவே பாலிசியின் நகலும் இருந்தது. அதில் என் பெயருக்கு நேரே இல்லத்தரசி என்று போட்டிருந்தது. பாலிசி போட்ட அந்த நாளில் ஏஜென்ட் உன் அப்பாவின் வேலையைக் கேட்டு எழுதிவிட்டு, காபி கொடுத்துவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்த என்னை ஒரு பார்வை பார்த்து, அவராகவே எழுதியிருக்கிறார். மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு நடுவில்தான் அப்பாவிடம் கையெழுத்தே வாங்கிப் போனார், கேட்பானேன்.

அன்றைக்கு அப்பாவை நான் பேசிய பேச்சை இங்கே எழுத வேண்டாம். உண்மை விளம்பி என்றேன், வீட்டை விற்று உங்கள் நேர்மைக்கு மாலை வாங்கிப் போடுங்கள் என்றேன்.  அவர், "அந்தப் பொண்ணு கேட்டுச்சு, எனக்கு வேற பதில் வரல" என்றார், அவ்வளவுதான். அப்புறம் சில நாள் எங்களுக்கு நடுவில் அத்தைதான் தபால்காரி. "டீ வேணுமான்னு கேக்கறா", "வேணாம்னு சொல்றான்" என்று அவளும் சலிக்காமல் நடந்தாள். பள்ளிக்கூடத் துணிக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும், மெஷின் இல்லை. ஒருநாள் மத்தியானம் வேலை ஒன்றும் இல்லாத கை சும்மா இருக்க மாட்டாமல் அந்தப் பாலிசியை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, துணியில் நூல் பிரிக்கிற மாதிரி வரி வரியாகப் படிக்க ஆரம்பித்தேன். இத்தனை வருஷம் பிரீமியம் கட்டியிருக்கிறோம், வீட்டில் ஒருவரும் அதைப் படித்ததில்லை. புரியாத இடத்தில் ஆபீசுக்குப் போன் செய்து, அவர்கள் அலுத்துக்கொண்டாலும் விடாமல், தமிழில் சொல்லுங்கள் என்று கேட்டேன்.

படிக்கப் படிக்கத்தான் ஒன்று தெளிந்தது. கறை வேறு, வெள்ளம் வேறு. அந்தக் கறை ஜன்னல் சட்டத்தின் இடுக்கு வழியாக மழைச்சாரல் உள்ளே வந்து உண்டானது. ஹீட்டர் இருப்பது எதிர்ச் சுவர்ப் பக்கம். சர்வேயர் பெண் கேட்டது கறையைப் பற்றி, அப்பா சொன்னதும் கறையைப் பற்றி, கம்பெனி எழுதியது குழாயைப் பற்றி. பிளம்பருக்குப் போன் செய்து அந்தக் குழாய் எப்படி வெடித்திருந்தது என்று எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். அவர், "எழுதறது என்னம்மா, போட்டோவே இருக்கு. கடையில அதே அளவு கேக்கறதுக்காக எடுத்தேன்" என்றார். அவர் அனுப்பிய படத்தில் நீளவாக்கில் பிளந்த குழாய், பின்னால் நம் குளியலறை ஓடு, எல்லாம் தெளிவாக இருந்தது. எனக்கு அந்தப் போனை அப்படியே முத்தமிடலாம் போல இருந்தது. மறுபடி வந்து பாருங்கள் என்று மனு எழுதினேன். நிராகரித்துவிட்டால் அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அப்படி இல்லையாம், மறுபரிசீலனை கேட்க நமக்கு உரிமை உண்டாம், ஆனால் கெடு தாண்டக் கூடாதாம்.

அதே பெண்தான் வந்தாள். போட்டோவைப் பார்த்தாள், ஜன்னலுக்கு வெளியே போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தாள். அப்புறம் அப்பாவிடம், "ஹீட்டருக்குக் கீழே இதுக்கு முன்னாடி ஈரம் இருந்துச்சா சார்" என்று கேட்டாள். எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று கண்ணாலேயே ஜாடை காட்டுகிறார். அப்பா யோசித்தார். எனக்குப் பயமாகிவிட்டது, இந்த மனுஷன் எங்கேயோ எப்போதோ சொட்டிய ஒரு சொட்டை ஞாபகம் வைத்துச் சொல்லிவிடப் போகிறார் என்று. "இல்லம்மா. டாக்டர்கிட்ட கிளம்பறதுக்கு முன்னாடி நான்தான் அங்க துடைச்சேன். காஞ்சு கிடந்துச்சு" என்றார். அவள் பேனாவை எடுத்துக்கொண்டே, "போன தடவை உங்களுக்கு நஷ்டம் வர்றதையே மறைக்காமச் சொன்னீங்க சார். அதனால இதையும் நம்பி எழுதறேன்" என்றாள். அவள் போன பிறகு நான் அப்பாவுக்கு டீ போட்டு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தைக்கு வேலை போய்விட்டது.

ஜெயித்துவிட்டோம் என்று துள்ளாதே. சீலிங்குக்கும் மாடிப்படிக்கும் கொடுத்தார்கள், அதிலும் வெட்டிக்கொண்டுதான். பலகை பழசு என்று தேய்மானம் ஒரு வெட்டு. அதைவிடப் பெரிய வெட்டு, வீட்டுக்குப் போட்டிருந்த மதிப்பு. நாம் இந்த வீட்டை வாங்கிய காலத்து மதிப்பையே வருஷா வருஷம் அப்படியே புதுப்பித்து வந்திருக்கிறோம். இன்றைக்குக் கட்டினால் ஆகிற செலவில் பாதிக்குத்தான் காப்பீடு என்றால், நஷ்டம் சின்னதானாலும் அதிலும் பாதிதான் தருவார்களாம். அரை மீட்டர் துணி கொடுத்துவிட்டு முழுச் சட்டை கேட்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா, இருந்தாலும் வயிறு எரிந்தது. மெஷின்களுக்கு ஒன்றுமே கிடையாது. அதனால் இப்போது காலையில் கிளம்பி, மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற தையல் கூடத்துக்குப் போய் வருகிறேன். மேற்பார்வைக்காரி உன்னைவிடச் சின்னவள், நான் போட்ட பொத்தான் காஜாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சரி என்கிறாள். அவள் மேல் தப்பில்லை. என் கால்தான் அந்த மோட்டார் மெஷினின் வேகத்துக்கு இன்னும் பழகவில்லை. இதையெல்லாம் படித்துவிட்டுப் பணம் அனுப்புகிறேன் என்று கிளம்பாதே, வேண்டுமானால் கேட்பேன்.

உனக்குச் சொல்ல வந்தது இதுதான். பிரீமியம் கம்மியாக இருக்கிறது என்றால் எதை விட்டுவிட்டுக் கம்மி என்று கேள். ஒவ்வொரு நஷ்டத்திலும் முதல் பங்கு உங்கள் கையிலிருந்து எவ்வளவு என்று கேள். அது பெரிதாக இருந்தால் பிரீமியம் சின்னதாகத்தான் தெரியும், அவசரத்துக்கு அந்த முதல் பங்கு உங்கள் கையில் இருக்குமா என்று நீங்கள் இரண்டு பேரும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டை என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பதை விடு, இடிந்தால் திரும்பக் கட்ட என்ன ஆகும் என்பதற்குப் போடு. குழாய்த் தண்ணீரும் தெருவிலிருந்து ஏறுகிற தண்ணீரும் அவர்கள் கணக்கில் ஒன்றில்லையாம், இரண்டையும் தனித்தனியாகக் கேள். நாங்கள் உங்களைப் பார்க்க வந்தாலோ நீங்கள் இங்கே நீண்ட நாள் வந்து தங்கினாலோ, பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குச் செல்லுமா என்று கேட்டுக்கொள். வீட்டை ஒருமுறை அறை அறையாகப் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிடு. மாப்பிள்ளை கீழ் அறையில் உட்கார்ந்து கேமரா பழுது பார்க்கப் போகிறாரே, ஊரார் கேமரா எல்லாம் அங்கேதானே இருக்கப் போகிறது, அதை மறைக்காமல் சொல்லி, அதற்குத் தனியாகச் சேர்க்கச் சொல். கொஞ்சம் கூடத்தான் ஆகும்.

இன்று காலை ஏஜென்ட் புதுப்பிக்க வந்திருந்தார். வீட்டு மதிப்பை ஏற்றி எழுதினார். கடன் வாங்கி ஒரு பழைய மெஷின் போட்டிருக்கிறேன், சாயங்காலத்தில் அதில்தான் பள்ளிக்கூடத் துணியை ஈடு கட்டுகிறேன். அதைப் பார்த்துவிட்டு அவர், "இதைப் பொழுதுபோக்குன்னு போட்டுடலாம்மா, பிரீமியம் ஏறாது. யாரு வந்து பாக்கப் போறா" என்றார். அப்பா வாயைத் திறக்கவில்லை, பாவம், இனிமேல் திறக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். சுலபமான வழிதான் வாலு, என் கையில் இப்போது இருக்கிற நிலைமைக்கு அதுவே பெரிய உதவி. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. "பொழுதைப் போக்க எனக்கு என்னைக்குங்க பொழுது இருந்துச்சு? தொழில்னே எழுதுங்க. தையல்காரின்னு எழுதுங்க" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. அவர் எழுதினார். எழுதி முடித்ததும் அந்தத் தாளை வாங்கி, அந்த ஒரு சொல்லை மட்டும் படித்துப் பார்த்துவிட்டு அப்பாவிடம் நீட்டினேன். அவர் கண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துப் படித்தார், பேனாவை என் பக்கம் தள்ளினார். இத்தனை வருஷமாக இந்த வீட்டுப் பாலிசியில் அவர் ஒருவர் கையெழுத்துதான் இருந்தது.

நீங்கள் இருவரும் குடியேறுகிற வீட்டில் வழக்கு வம்பு இல்லாமல், நோய் நொடி இல்லாமல், வயிறும் மனசும் நிறைந்து இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். அத்தையும் வாழ்த்துச் சொல்லச் சொன்னாள், போகிற போக்கைப் பார்த்தால் இங்கேயே தங்கிவிடுவாள் போலிருக்கிறது. மாப்பிள்ளையின் இருமலுக்கு டாக்டரைப் பார்த்தீர்களா? படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே, மறக்காதே.

என்றும் உன் நினைவாக,
அம்மா