எல்லாம் ஓகே என்று எழுதினேன்

மார்ச் 3
கம்பெனியில் லைன் லீடர் ஆகிப் பத்து நாள். இன்று ட்ரெய்னிங்கில் 'ஹேண்ட் ஓவர்' என்றால் என்ன என்று கேட்டார்கள். ஷிப்ட் முடிந்ததும் நோட்டை அடுத்தவர் கையில் கொடுப்பது என்றேன். நோட்டை மட்டும் இல்லை, பொறுப்பையும் ஒப்படைப்பது என்றார் ட்ரெய்னிங் எடுத்த மேடம். தலையாட்டினேன். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடியும், இரண்டு பத்துக்குப் பென்னலூர் பஸ் கிளம்பிவிடும். இதில் எதை ஒப்படைப்பது? எங்கள் லைனில் பன்னிரண்டு மணிக்கே 'எல்லாம் ஓகே' எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவோம்.

மார்ச் 9
கை உள்ளே போனால் தானாக நிற்க வேண்டிய, தகடு அழுத்தும் மூன்றாம் நம்பர் பிரஸ், ஒன்றரை மணிக்குச் சோதனைக் கட்டையை வைத்தபோது ஒரு தடவை நிற்கவில்லை. மறுபடி வைத்தேன், நின்றது. ஓகே எழுதியாயிற்று. அடித்து எழுதினால் மெயின்டெனன்ஸ் ஆள் வரும்வரை காத்திருக்கணும். பஸ் ஏறிவிட்டேன்.

மார்ச் 10
ஜாஸ்மின் விரல் போச்சு.

நேற்று எனக்கு அடுத்த ஷிப்டில் அந்தப் பிரஸ்ஸில் நின்றவள். வலது கை, ஆள்காட்டி விரல் நுனி. கான்ட்ராக்ட் பெண். சூப்பர்வைசர் ரகுபதி சார், "மெஷின் நல்லாத்தான் கீது, நோட்ல ஓகேன்னு போட்டுகீது. அந்தப் பொண்ணுதான் கவனமில்லாம கைய வுட்டுகினா" என்கிறார். வேலையை விட்டு நிறுத்தப் போகிறார்களாம்.

கலைமதி, உனக்கு பஸ்ஸு பெருசா போச்சா? பாவி.

மார்ச் 12
அம்மாவிடம் சொன்னேன். "வாயத் தொறந்தா உன் வேலையும் பூடும். கம்னு இரு."


மார்ச் 13
சொல்லிவிட்டேன். ரகுபதி சார் நோட்டை எடுத்து ஒன்பதாம் தேதிப் பக்கத்தைத் திருப்பினார். "இத்த அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். எழுதித் தரச் சொன்னார், தந்தேன்.

மார்ச் 20
லீடர் வேலை போயிற்று. பேக்கிங்கில் போட்டிருக்கிறார்கள். ஜாஸ்மினை நிறுத்தவில்லை. அது போதும் — போதுமா? சுங்குவார்சத்திரத்தில் அவள் ரூமுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "போக்கா" என்றாள். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 17
ஜாஸ்மின் வேலைக்குத் திரும்பிவிட்டாள். சென்சாரை மாற்றிவிட்டார்களாம், அதே பிரஸ்தான் கொடுத்திருக்கிறார்கள். மதியம் பேக்கிங்குக்கு அவளே வந்தாள், கையில் ஒரு நோட்டு.

"அக்கா, அந்த மெஷின் எப்பெல்லாம் மக்கர் பண்ணுச்சு, இன்னா சத்தம் வந்துச்சு, எல்லாம் சொல்லு. ஒண்ணும் வுடாத."

சொன்னேன். நிறுத்தாமல் சொன்னேன். அவள் இடது கையால் எழுதிக்கொண்டிருந்தாள்.

"மெதுவா சொல்லுக்கா" என்றாள்.