மலையில் போட்ட கையெழுத்து

1945 ஆவணி 9
ஏலக்காய் பழுத்துவிட்டது. நாளை மலையேறுகிறேன். தேவாரம் மெட்டைத் தாண்டினால் திருவிதாங்கூர் சீமை. மனைவி பஞ்சம்மாளுக்கு முழங்கால் வலி, பண்ணைப்புரத்திலேயே இருக்கிறாள். "அங்கன போயும் எழுதிக்கிட்டுத்தான் இருப்பீகளோ?" என்றாள். மிஷன் பள்ளிக்கூடத்துக் கிருபாவதி டீச்சர் எனக்கு எழுத்துச் சொல்லித்தந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. அறுபத்து நான்கு வயதில் கிடைத்ததை வீட்டில் வைத்துவிட்டா போவேன்?

ஆவணி 13
தோட்டத்தில் அரிசி தருவதற்கு ஒரு பட்டியலாம். கங்காணி ராக்கப்பன் காகிதத்தை நீட்டினார். எல்லாம் மலையாளம். மற்றவர்கள் கட்டைவிரலில் மை தடவினார்கள். நான் பேனாவைக் கேட்டேன். அம்மாவாசி. ஐந்து எழுத்து, மெதுவாகப் போட்டேன்.
"ஏலே, பெருசு கலெக்டரு மாதிரில்ல போடுது!" என்றார் ராக்கப்பன்.
இன்று கால் தரையில் படவில்லை.

ஐப்பசி 2
மழை. அட்டைக்கடி. எழுத ஒன்றும் இல்லை. எழுத ஆசையாக இருக்கிறது.

கார்த்திகை 4
வீடு வந்தேன். ரேஷன் கார்டில் என் பெயர் மேல் சிவப்புக் கோடு. கடைக்காரர் வேலுச்சாமி சொன்னார்: "நீங்க மலையாளத்துக் குடியாயிட்டீகளாம். அங்கன கையெழுத்துப் போட்டு அரிசி வாங்கியிருக்கீகளே."
நான் எங்கய்யா குடி போனேன்? வேலைக்கில்ல போனேன்!
இனி ஓர் ஆள் அரிசிதான், இரண்டு பேருக்கு.

கார்த்திகை 7
எனக்குப் போட்டுவிட்டு, "நான் அப்பவே தின்னுட்டேன்" என்கிறாள் பஞ்சம்மாள். பொய். பானையைப் பார்த்தேன்.
மலையில் தின்ற நாளுக்கு இங்கே கேட்கவில்லை. அது நியாயம். ஆனால் இப்போது இங்கேதானே இருக்கிறேன்? ஒருவனுக்கு ஊர் எது — தின்கிற இடமா, திரும்பி வருகிற இடமா? மூன்று மாதமும் திரும்புகிற நினைப்பில்தான் படுத்தேன். நினைப்பை யாரிடம் எடுத்துக் காட்ட? காகிதத்தில் கையெழுத்து மட்டும்தான் இருக்கிறது.

கார்த்திகை 10
உத்தமபாளையத்தில் அதிகாரி விசாரணை. "அது வேற அம்மாவாசின்னு சொல்லிருங்க. ஊருக்குப் பத்து அம்மாவாசி இருக்கான்" என்று வேலுச்சாமி சொல்லி அனுப்பியிருந்தார்.
அதிகாரி மலையிலிருந்து வந்த அரிசிப் பட்டியலைக் காட்டினார். அத்தனை ரேகைக்கும் நடுவில் ஒரே ஒரு கையெழுத்து. 'வா' கொஞ்சம் சாய்ந்திருந்தது. வேறு ஆள் என்று சொல்ல வாய் வரவில்லை.
"என்னுதுதான், சாமி."
"அங்கே வீடு உண்டா?"
"கூலியாளுக தங்குற லயத்துல ஒரு பாய் உண்டு."
"இங்கே?"
"வீடும் பொண்டாட்டியும்."
சிரித்துவிட்டார். "கொஞ்ச நாள் வேலைக்குப் போனால் குடிபெயர்ந்தது ஆகாது. ஆனால் ஒரே ஆள் இரண்டு பட்டியலில் இருக்க முடியாது. அங்கே பெயரை நீக்கியதாக எழுதி வாங்கி வா. இனிமேல் போகும்போது கிராம முன்சீப்பிடம் சொல்லிவிட்டுப் போ."
"அதுக்கு மறுபடி மலைக்குப் போகணுமே, சாமி. அதுக்கும் கோடு போட்டுட்டா?"
"ரெண்டு நாளைக்கு ஒன்றும் ஆகாது, போ!"

கார்த்திகை 13
ராக்கப்பன் எழுதிக் கொடுத்தார். இந்த முறை தமிழில் கேட்டேன். இரண்டு தடவை படித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். இறங்கும்போது கால் இரண்டும் கட்டை.

கார்த்திகை 21
புதுக் கார்டு வந்தது. முதல் வரி: குடும்பத் தலைவர், பஞ்சம்மாள். இரண்டாவது வரி: அம்மாவாசி, கணவன். என் பெயரை அடித்தபோது அவளைத் தலைவராக்கிவிட்டார்களாம். இனி மாற்ற முடியாதாம். அவளுக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.
"அடுத்த வருசம் மலைக்குப் போறதா இருந்தா யாருகிட்டச் சொல்லிட்டுப் போவீக?"
"முன்சீப்புகிட்ட."
"கார்டைப் பாத்துச் சொல்லுங்க."
இரண்டு பேர் அரிசி உலையில் விழுந்தது. தலைவர் இன்று என்னோடு உட்கார்ந்து, இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டார்.