முறைப்பாடு வராத ஊர்

இஞ்சருங்கோ,

பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை, கடிதத்திலும் வராது. சுகமா என்று கேட்கவும் வழியில்லாமல் போய்விட்டீர்கள்.

வவுனியா அரசாங்கக் கச்சேரியில் உங்கள் கதிரையில் இப்போது ஒரு புதுத் தம்பி இருக்கிறார். நீங்கள் கேட்டதையே அவரும் ஊர் வழக்குத் தீர்க்கும் விதானைமாரிடம் கேட்கிறார்: எந்தக் குடியேற்றத்தில் தண்ணீர்ச் சண்டை, யாருடைய மாடு யாருடைய பயிரை மேய்ந்தது, எந்தக் கடைக்காரருக்கு அடி. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் கலவரம் எங்கே வரும் என்று சொல்லலாம், முன்னமே பொலிசை அனுப்பித் தடுக்கலாம் என்பீர்கள். "சும்மா போங்கோ, சனத்தின்ர கோவத்தை எண்ணி முடியுமே?" என்று நான் சிரித்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் போனீர்கள்.

தமிழரும் சிங்களவரும் வெட்டுப்பட்ட அந்த வருடம், நீங்கள் சொன்ன இடங்களுக்குப் பொலிஸ் போனது. அங்கே ஒன்றும் நடக்கவில்லை. நீங்களோ முறைப்பாடே வராத ஊருக்குத் தங்கப் போனீர்கள். "அங்க பயமில்லையப்பா, ரெண்டு சனமும் ஒற்றுமை" என்றீர்கள். எரிந்தது அந்த ஊர்தான். கொள்ளி வைக்கக்கூட உங்கள் உடம்பு எங்களுக்குக் கிடைக்கவில்லை.

விதானையார் நியாயம் சொல்வார் என்ற நம்பிக்கை போனதால்தான் அங்கே ஒருவரும் முறையிடவில்லையாம். அதை ஒற்றுமை என்று எண்ணிவிட்டீர்களே, என் ராசா! இவ்வளவு படித்தும் ஏன் உங்களுக்குத் தோன்றவில்லை? எனக்கும்தான் தோன்றவில்லை.

இந்தப் போகம் எங்கள் வாய்க்காலிலும் ஒரு முறைப்பாடு இல்லை. பக்கத்து வயல் சிங்களப் பெண் சோமாவதியைத் தெரியும்தானே? தண்ணீர் முறை தப்பினால் அரைகுறைத் தமிழில் என் பரம்பரையையே இழுத்துத் திட்டுவாள், பிறகு வெற்றிலை கேட்பாள். போன கிழமை அவளுடைய முறையில் எங்கள் மடை திறந்து கிடந்தது. வரம்பில் நின்று பார்த்தாள். ஒரு சொல் சொல்லாமல் போய்விட்டாள்.

கச்சேரிக்கு ஓடினேன். "சண்டை இல்லையெண்டால் சந்தோசப்படுங்கோவன் அக்கா," என்று அந்தத் தம்பி தேத்தண்ணி தந்து அனுப்பிவிட்டார். மகளைப் பரந்தனுக்கு, என் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

நான் போகவில்லை. நாளைக்கு விடிய அவளுடைய மடையை மண்போட்டு அடைக்கப் போகிறேன். மண்வெட்டியோடு வந்து திட்டட்டும். வருவாள் என்ற நம்பிக்கை எனக்கில்லை. ஆனாலும் அவள் வாய் திறக்கும்வரை அந்த வரம்பை விட்டு வரமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இன்னும் உங்களோடு கோபம் ஆறாத
உங்கள் பெண்சாதி,
நாகம்மா