கிறேஸ் என்ற கட்டம்

பலெர்மோ, இத்தாலி
12.01.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

மாதாவின் துணையால் நான் இங்கே சுகம். உங்கள் சுகத்தைக் கேட்கத்தான் இன்று தைரியம் வரவில்லை. அம்மா நேற்றுப் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டா. தொண்டையில் புற்று, குரல்வளையை எடுத்தே ஆகவேண்டும் என்று கொழும்பு டொக்டர் சொன்னாராம். அடுத்த மாதக் கடைசியில் ஒபரேசன். பிறகு உங்கள் தொண்டையால் சத்தம் வராது. மூச்சுக்கூடக் கழுத்தில் வைக்கிற துவாரத்தால்தான். "கரையில மீன் ஏலம் கூறுற மனிசன்ர குரலை ஆண்டவர் ஏன் பிள்ளை எடுக்கவேணும்?" என்று அம்மா கேட்டா. அதற்குப் பதில் சொல்ல நான் இப்போது சிஸ்டரும் இல்லை.

அழுதுகொண்டிருக்காமல் ஒரு வேலை பார்த்தேன். நான் பராமரிக்கிற கிழவருக்குப் பாரிசவாதம் வந்து பேச்சுப் போய்விட்டது. எழுத்தைத் தொட்டால் அவருக்காக ஒரு மெசின் பேசுகிறது. தமிழிலும் அப்படி இருக்கிறதாம். மூன்று விதமாக வாங்கலாம். போன் என்றால் சட்டைப் பைக்குள் அடங்கும், ஆனால் எழுத்துச் சின்னன். லப்டொப்பில் எழுத்துப் பெரிது, நல்ல ஆண்குரலும் இருக்கிறது, ஆனால் ஓரிடத்தில் இருந்துதான் தட்டவேண்டும். நடுவில் டெப் என்று ஒன்று, பூசைப் புத்தகம் அளவு, விரலால் தொட்டால் போதும். எது வேண்டும் என்று எழுதுங்கோ.

அதற்கு முன் ஒன்று கேட்கிறேன். நான் இங்கே கன்னியர் மடத்தை விட்டு வெளிக்கிட்ட செய்தி வந்த அன்று, அந்தோனியார் சுருவத்துக்கு முன்னால் நின்று, "இந்த வாயால அவளோட ஒரு சொல்லும் கதைக்க மாட்டன்" என்று சத்தியம் செய்தீர்கள். அரிப்பு ஊர் முழுக்கக் கேட்டதாம். மூன்று வருடமாகக் கடிதம் எழுதுகிறீர்கள், போனுக்கு வருவதில்லை. இப்போது அந்த வாய்க்கே தவணை போட்டுவிட்டார்கள். ஒரே ஒரு தரம் போன் எடுங்கோ அப்பா. ஏசுவதற்கென்றாலும் எடுங்கோ.

உங்கள் மகள்
கிறேஸ்


அரிப்பு
19.01.2024

அன்பு மகள் கிறேஸ்,

நீ போனில் அனுப்பிய கடிதத்தின் படத்தைத் தங்கை டிலானி கடையில் அச்சடித்துக்கொண்டு வந்து தந்தாள். அதில் ஓரிடத்தில் மை கரைந்திருக்கிறது. அவள் அதைக் கண்ணீர் என்கிறாள். நீ கோப்பியை ஊற்றியிருப்பாய் என்று நான் சொன்னேன்.

லப்டொப் வேண்டாம். நான் என்ன கந்தோரில் கதிரை போட்டா இருக்கிறேன்? மீன் கூறுகிறவன் நிற்கவேண்டும். சுற்றிவர நிற்கிறவர்களின் கண்ணைப் பார்த்துத்தான் விலையை ஏற்றவேண்டும். குனிந்து தட்டிக்கொண்டிருந்தால் பாரைக்குப் போட்ட விலையில் அறக்குளாவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான்கள். போனும் சரிவராது. என் பெருவிரல் ஒரே நேரத்தில் மூன்று எழுத்தை அமத்தும். போன வருடம் என்னோடு கரையில் நிற்கிற இராசேந்திரத்துக்கு "வா" என்று அனுப்பப் போய், என்ன போனதோ தெரியாது, அவன் இரண்டு நாள் எனக்கு முகம் தரவில்லை. ஆகவே நடுவில் சொன்ன அந்த டெப்தான். உப்புக் காற்றுக்கு மூடி ஒன்றும் சேர்த்து அனுப்பு.

நீ கேட்ட மற்றது முடியாது. நீ கடவுளுக்குக் கொடுத்த சொல்லைத் திருப்பி வாங்கிக்கொண்டாய். அதற்குக் காரணங்கள் எழுதினாய், சிலது நியாயம் என்று எனக்கும் பட்டது. ஆனால் நானும் அப்படிச் செய்தால் இந்த வீட்டில் ஒருவர் சொல்லும் மிஞ்சாது. சிகரட் பிடிக்காத எனக்கு ஏன் இந்த வருத்தம் என்று டொக்டரே யோசித்தார். சத்தியத்தை முறித்தால் இன்னும் என்ன வருமோ.

என்றாலும் ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். சத்தியம் என் வாய்க்குத்தான். மெசின் என் வாய் இல்லை. ஒபரேசன் முடியட்டும், மெசினால் உன்னோடு ஆசை தீரக் கதைக்கிறேன். அந்தோனியாரும் ஒன்றும் சொல்ல முடியாது. இந்த யோசனை வந்ததிலிருந்து எனக்குச் சந்தோசம். அம்மாவிடம் சொன்னேன், அவ ஏனோ அடுப்படிக்குள் போய் அழுதா.

அன்புடன் அப்பா
அமிர்தநாயகம்


பலெர்மோ
28.01.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மா ஏன் அழுதா என்று எனக்குத் தெரியும். மெசின் கதைக்கும். ஆனால் அது நீங்கள் இல்லை.

டெப் வாங்கிவிட்டேன். இதற்குத் தமிழில் ஒரு பெண்ணின் குரல் மட்டும்தான் உண்டு. அந்த ஆண்குரல் லப்டொப்போடு போய்விட்டது. கடையில் இரண்டையும் மாறி மாறிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைக்காரப் பெண் பொறுமை கெட்டுப் போனாள். நீங்கள் நின்றுகொண்டு கூறவேண்டும் என்று எழுதினீர்கள், அதுதான் இதை எடுத்தேன். பிழை என்றால் என்னை ஏசுங்கோ.

ஆனால் இதில் ஒரு நல்ல வேலை செய்யலாம். திரையில் கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு கட்டத்தைத் திறந்து, சிவப்புப் புள்ளி எரியும்போது ஒரு சொல்லைச் சொன்னால் அது அதற்குள் நின்றுவிடும். பிறகு எப்போது தொட்டாலும் உங்கள் சொந்தக் குரலிலேயே சொல்லும். குரல் இருக்கும்போதே எல்லாவற்றையும் சொல்லி நிரப்பிவிடுங்கோ. விலைகள், மீன் பேர்கள், அம்மாவின் பேர், எல்லாம். டிலானி காட்டித் தருவாள்.

கடைசி வரியில் என் பேரில் ஒரு கட்டம் நானே போட்டிருக்கிறேன். "கிறேஸ்" என்று மட்டும் சொல்லுங்கோ. எனக்குச் சொல்ல வேண்டாம், மெசினுக்குச் சொல்லுங்கோ.

இங்கே எங்களோடு வேலை செய்கிற பேசாலை ஜெனோஜன் லீவில் வருகிறான். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். நான் வர முடியவில்லை. மடத்தை விட்டபோது விசாவும் விட்டுப்போனது; புதிதுக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். அது வராமல் வெளிக்கிட்டால் திரும்பி உள்ளே விடமாட்டார்கள்.

உங்கள்
கிறேஸ்


அரிப்பு
16.02.2024

அன்பு மகள் கிறேஸ்,

சாமான் பத்திரமாக வந்து சேர்ந்தது. ஜெனோஜனுக்கு நண்டுக் கறியோடு சோறு கொடுத்து அனுப்பினோம். பிள்ளை நல்லாய்ச் சாப்பிட்டான், உங்களுக்கு அங்கே ஒன்றும் கிடைப்பதில்லைப் போல.

ஒரு கிழமையாக வீட்டுக்குள் ஏலம்தான். விலைகளைச் சொன்னேன், மீன்களைச் சொன்னேன், "ஒரு தரம், ரெண்டு தரம், மூண்டு தரம்" சொன்னேன். இடையிடையே குரல் அடைத்துக் காற்றுத்தான் வந்தது. சுடுதண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பச் சொன்னேன். அருளம்மா என்றும் சொன்னேன். கலியாணம் கட்டி முப்பது வருடத்தில் நான் அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது இதுதான் முதல் தரமாம். அவ அந்தக் கட்டத்தைத் தொட்டுத் தொட்டுச் சிரித்தா. பூனைக்கு ஏசுவதற்கும் ஒரு கட்டம் வைத்திருக்கிறேன்.

உன் கட்டம்தான் மிச்சம். ஒரு மத்தியானம் அதைத் திறந்து வைத்துக்கொண்டு முற்றத்தில் இருந்தேன். சிவப்புப் புள்ளி எரிந்தபடியே இருந்தது. மெசினுக்குச் சொல்வதாக நினைக்கலாம் என்று நீ எழுதியிருந்தாய். நினைத்துப் பார்த்தேன் மகள், முடியவில்லை. உன் பேரைச் சொன்னால் அது உனக்குச் சொன்னதுதான். வாய் திறக்கவில்லை. பிறகு சாப்பிடப் போய்விட்டேன். அந்தக் கட்டம் சும்மா கிடக்கிறது.

பங்குச் சுவாமியும் வந்து பார்த்தார். "அமிர்தம், கோவத்தில செய்த சத்தியம். நான் விடுதலை தாறன், பிள்ளையோட கதையுங்கோ" என்றார். நான் மாட்டேன் என்றுவிட்டேன். இன்னும் கொஞ்ச நாள்தானே. ஒபரேசன் முடிந்ததும் அந்தப் பெண்குரலில் என்றாலும் கதைக்கலாம்.

செவ்வாய்க்கிழமை கொழும்புக்குப் போகிறோம். செபம் செய். நீ மடத்தை விட்டாலும் உன் செபத்தை ஆண்டவர் கேட்பார் என்றுதான் நினைக்கிறேன்.

அப்பா
அமிர்தநாயகம்


அரிப்பு
24.03.2024

அன்பு மகள் கிறேஸ்,

எழுத்துக் கோணல், பார்த்து வாசி. இன்று குருத்து ஞாயிறு. பூசைக்குப் போகவில்லை. கழுத்துத் துவாரத்தைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள்.

போன கிழமை டெப்பைக் கொண்டு கரைக்குப் போனேன். வெயிலில் திரை தெரியவில்லை, இராசேந்திரம் தொப்பியால் மறைப்புப் பிடித்தான். என் குரல் வந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் நான் ஒரு கட்டத்தைத் தேடித் தொடுவதற்குள் சனம் இரண்டு விலை தாண்டிவிடுகிறது. ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். இப்போது இராசேந்திரம்தான் கூறுகிறான். நல்லாய்த்தான் கூறுகிறான்.

வியாழக்கிழமை உனக்கு எடுத்தேன். டெப்புக்கு மன்னாரில் ஒரு சிம் வாங்கிப் போட்டோம். நீ திடீரென்று கேட்கட்டும் என்று டிலானியைச் சொல்ல விடவில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் காலையிலேயே தட்டி வைத்தேன். "மகள், நான் அப்பா. எப்படி இருக்கிறாய்? சாப்பிட்டாயா?" நீ "யார்?" என்று கேட்டாய். மூன்று வருடத்துக்குப் பிறகு உன் குரல். நான் தொட்டேன். அந்தப் பெண்பிள்ளை சொன்னாள். "சீ, வேற வேலை இல்லையோ உங்களுக்கு" என்று நீ வைத்துவிட்டாய். திரும்ப எடுத்தேன், தொடர்பு வரவில்லை. இந்த இலக்கத்தை நீ தடுத்துவிட்டாய் என்று டிலானி சொன்னாள்.

உன்னில் பிழை இல்லை. லொத்தர்ச் சீட்டு விழுந்திருக்கிறது என்று பொய் சொல்லி எங்களுக்கும் இப்படித்தான் எடுக்கிறார்கள். டிலானி உடனே தன் போனில் உனக்குச் சொல்ல வெளிக்கிட்டாள். நான் கையைப் பிடித்து மறித்தேன்.

இனி எடுக்க மாட்டேன். கோபம் இல்லை மகள், வெட்கம். யாரோ ஒரு பொம்பிளையின் குரலில் என் பிள்ளையிடம் சாப்பிட்டாயா என்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. என் சொந்தக் குரலில் இருப்பதெல்லாம் மீனும் விலையும்தான். உன்னைக் கூப்பிட்டு விளைமீன் என்ன விலை என்றா சொல்வது?

நீ வாங்கித் தந்தது நல்ல சாமான். குறை சொல்லாதே.

அப்பா


பலெர்மோ
25.03.2024

அப்பா,

நான்தான் வைத்தேன். தெரியாத இலக்கம், "நான் அப்பா" என்றது இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. நீங்கள் "சாப்பிட்டாயா" என்று கேட்டதும்தான் எனக்குக் கோபம் வந்தது. கள்ளர்கள் இப்போது இதையுமா கேட்கிறார்கள் என்று நினைத்தேன். சாப்பிடவில்லை அப்பா. கடிதம் வந்ததிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை.

இலக்கத்தைத் திறந்துவிட்டேன். போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன். எந்தக் குரலிலும் எடுங்கோ. விளைமீன் விலை சொல்லுங்கோ. பூனைக்கு ஏசுகிற ஏச்சை என்றாலும் போடுங்கோ. நான் வைக்க மாட்டேன். அந்த லப்டொப்பை நான் எடுத்திருக்கவேண்டும்.

உங்கள் கிறேஸ்


பலெர்மோ
04.05.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. டிலானி அதை உங்களுக்கு இரண்டு தரம் வாசித்ததாகச் சொன்னாள். நீங்கள் தலையாட்டிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தீர்களாம். உயிர்ப்புத் திருநாளுக்குப் பிறகு நெஞ்சிலும் வருத்தம் இறங்கிவிட்டது, டெப்பைக் கையில் எடுக்கவே இல்லை என்றாள். உங்களை அடக்கம் செய்ததைப் போனில்தான் பார்த்தேன். இராசேந்திரம் மாமா அன்று கரையில் ஏலம் வைக்கவில்லையாம். என் விசா நேற்று வந்தது.

அம்மா டெப்பை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டா. "அருளம்மா" என்ற கட்டத்தைத் தொட வேண்டும்போல வந்தால் மட்டும் எடுக்கிறாவாம். அதிலிருந்த எல்லாவற்றையும் அனுப்பச் சொல்லி டிலானியிடம் கேட்டேன். அனுப்பினாள். பாரை, விளைமீன், அறக்குளா, கும்பிளா. ஒரு தரம், ரெண்டு தரம். ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

என் கட்டம் சும்மா கிடக்கிறது என்று எழுதினீர்கள். அது சும்மா இல்லை அப்பா. சிவப்புப் புள்ளியை நிறுத்தாமல் எழும்பியிருக்கிறீர்கள். முற்றத்துக் காற்று இரைகிறது. காகம் கத்துகிறது. நீங்கள் இருமுகிறீர்கள். பிறகு கனநேரம் மூச்சு மட்டும், சொல்ல வாயெடுப்பதும் நிறுத்துவதுமாக. உள்ளேயிருந்து அம்மா கூப்பிடுகிறா, "சோறு ஆறுது, வாங்கோவன்." கதிரையைப் பின்னுக்கு அரக்குகிற சத்தம். அதற்குப் பிறகு உங்கள் குரல், அடைத்த குரல்.

"வாறன்."

அவ்வளவுதான். உங்கள் சத்தியம் முறியவில்லை. அது அம்மாவுக்குச் சொன்னது, எனக்கில்லை. எனக்கு நன்றாகத் தெரியும்.

என்றாலும் வேலை முடிந்து அறைக்கு வந்ததும் அதைத்தான் தொடுகிறேன். அம்மா கூப்பிடுகிறா, நீங்கள் வாறன் என்கிறீர்கள். நானும் ஒவ்வொரு தரமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வருவதில்லை.

உங்கள் மகள்
கிறேஸ்