வேங்கைத்தேன் கேட்ட வேந்தருக்குத் தேறல்மலையின் மறுமொழி

மலைமுகட்டில் மழை வழுவாது பொழிக! பொன்னிறை வளநாட்டை ஒருகுடைக்கீழ் ஆளும் அடலேறு நெடுமுடிக்கோ அவர்களின் திருமுன்புக்குத் தேறல்மலை ஆளும் வெண்கொடி நாச்சியார் விடுக்கும் ஓலை. தங்கள் நாட்டில் ஆநிரை பெருகுக, நெல் விளைக.

தங்கள் ஆணை கண்டோம். அரண்மனைக்கு வேங்கைத்தேன் ஒன்றே கலப்பின்றி வரவேண்டும் ஆதலால் மலையிலுள்ள மற்றப் பூமரங்களையும் செடிகொடிகளையும் வெட்டியெறிய வேண்டுமென்றும், மறுத்தால் தங்கள் கோட்டையில் பிணையாக இருக்கும் எம் இளவல் குமரவேளின் தலை உருளுமென்றும் அதில் கண்டிருந்தது. நன்று! தேனீக்கும் ஆணை பிறப்பிக்கத் துணிந்துவிட்டீர்களே!

இந்த யோசனை சொன்னவர் தங்கள் திறை அதிகாரி ஒப்பிலாமணியார். வேங்கை பூத்துக் குலுங்கிய வேளையில் வந்தார். தேனீக்கள் மற்றப் பூக்களை ஏறிட்டும் பாராமல் வேங்கைக்கே பறந்ததைக் கண்டார். எம் பெண்டிரும் அப்பூக்களைச் சூடாதது கண்டு, அவை வீண் என்று முடிவுகட்டிவிட்டார். ஐயோ பாவம், வாய்திறந்து ஒருவரைக் கேட்டிருக்கலாம்! வேங்கை உதிர்ந்தபின் தேனீக்களுக்கு அவையே உணவு. ஆதலால் எம் மணப்பெண்ணும் தழைதான் சூடுவாள், அப்பூக்களைப் பறிக்கமாட்டாள்.

ஒரு பூ மிகுந்திருக்கையில், அதில் தேனெடுக்கும் பழக்கம் கைவந்துவிடுவதால் தேனீ அதையே நாடும். அது அருகினால் தும்பையோ நெல்லியோ, கிடைத்ததைக் கொள்ளும். பாகற்பூவைத் தவிர வேறெதையும் தொடாத சிறுவண்டும் இங்குண்டு. கொடியை வெட்டினால் வண்டு மாளும், வண்டு மாண்டால் பாகல் காய்க்காது. தேனீயும் பட்டினி தாளாமல் மலையை விட்டு ஓடும். அதன்பின் எம் குடிகள் எதை உண்பது?

குமரவேளை நினையாத நாளில்லை. தாயில்லாப் பிள்ளை, என் மடியில் வளர்ந்தவன். ஆயினும் தன்பொருட்டு ஒரு கொடியும் அறுபடலாகாது என்றும், அறுபட்டால் மலைக்குத் திரும்பேன் என்றும் அவனே தூதர்வழி சொல்லியனுப்பியுள்ளான். ஆகவே தாங்கள் தலைகீழாக நின்றாலும் தங்கள் ஆணை இங்கு நடவாது.

மீறி அவன்மேல் ஒரு கீறல் விழுந்தால் கோடரி எழும். வேங்கைமேல் மட்டும் எழும். மரத்துக்கு ஒருவராக எம் மக்கள் கோடரியோடு இப்பொழுதே நிற்கின்றனர். எம் தேனீக்கள் வேறு பூக்களில் பிழைத்துக்கொள்ளும். வேறு தேன் சுவைக்கத் தெரியாத தாங்கள் என்ன செய்வீர்கள் என்பதை எண்ணிப் பார்த்துக்கொள்க.

இவ்வோலை கொணரும் தூதரோடு இளவலை அனுப்பிவைக்குமாறு தங்களுக்குக் கட்டளையிட்டு, மலைமுத்திரை பொறித்தோம்.